ஒரு பை, இரண்டு சீட்டு

மஞ்சக்குப்பத்தில் எங்கள் ரத்த வங்கிக்கு
இரண்டு கணினிகள்.
ஒன்று வேலை பார்க்கும். மற்றது
அது எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.
நடுவே ஒரு சீரியல் கேபிள்,
பாண்டிச்சேரி ஞாயிற்றுச் சந்தையில்
ரபேல் நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்தது.

அதன் வழியே இரண்டு நொடிக்கு ஒருதரம்
இருக்கேன்
இருக்கேன்
இருக்கேன்.
பத்து நொடி சத்தமில்லை என்றால்
செத்துவிட்டது என்று கணக்கு.
காத்திருந்தது எழுந்து
செத்ததின் பெயரையும் முகவரியையும்
எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

இதயத்துடிப்பு என்றே அந்த மென்பொருளுக்குப் பெயர்.
சாகாத கணினி வேண்டுமென்றால்
கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில்,
தொண்ணூறுகளின் கடைசியில்,
எங்கோ தொடங்கி, முகம் பாராதவர்கள் கைமாற்றி எழுதி,
வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று
வாசலில் வைத்துவிட்டுப் போனது.
மூலவரிகளை ஓர் இரவு முழுக்கப் படித்தேன்.
வட்டு போனால், வலை போனால், மின்சாரம் போனால்,
போனது போகாததுபோல் பாதியில் திரும்பி வந்தால்.
வரிக்கு வரி பயம்.
பயந்தவர்கள் எழுதியது என்பதால் நம்பினேன்.

ஒரு வரியை மட்டும் அணைத்துவைத்தேன்.
சந்தேகம் வந்தால் மற்றதைச் சுட்டுவிடு என்ற வரி.
அதற்குத் தனியாக ஒரு மின்விசைப் பெட்டி வேண்டும்,
பதினோராயிரம்.
சிஸ்டர் புளோரின் தாளைத் திருப்பித் தந்தார்.
எனக்கும் உள்ளூர நிம்மதிதான்.
கூடப் பிறந்ததைச் சுடுவதா.

டிசம்பர் முப்பது விடியலில்
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வந்த காற்று
சன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துப் போனது.
மேசையை உள்ளே நகர்த்தினோம்.
கேபிள் கழன்றதை யாரும் பார்க்கவில்லை.
வலைப்பெட்டியும் நனைந்து பாதி செத்திருந்தது.

பத்து நொடி.
இரண்டும் உயிரோடிருந்தன.
இரண்டும் மற்றது செத்ததென்று நம்பின.
இனித் தானே எல்லாம் என்றது ஒன்று,
தானே என்றது மற்றதும்.
வெளியே அடித்த புயலுக்கும் அதே பெயர்.

பிரசவ வார்டுக்கு ஒன்று பதில் சொன்னது,
விபத்துப் பிரிவுக்கு மற்றது.
ஓ நெகட்டிவ், பை எண் 4417.
குளிர்பெட்டியின் முன்னால் கமருன்னிசா
கைக்கொரு சீட்டோடு நின்றாள்.
பாண்டிக்குப் போகிற சாலையெங்கும்
புளியமரங்கள் குறுக்கே படுத்திருந்தன.
போன் மணி அடிக்கவே இல்லை.

அவள் ஒரு சீட்டைக் கிழித்தாள்.
எது என்று நான் எழுதப்போவதில்லை.
அந்த வீட்டார் இன்னும் புதுப்பாளையத்தில்தான் இருக்கிறார்கள்.

பிறகுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன்.
சுடச் சொன்னது கோபத்தில் இல்லை.
இறப்புச் சான்றிதழ் இல்லாமல்
தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற மாட்டார்கள் அல்லவா,
அவ்வளவுதான் விஷயம்.
பேச்சில்லை என்பது சாவு இல்லை.
செத்தது உறுதியாகாமல் சொத்தில் கைவைக்காதே.

மின்விசைப் பெட்டிக்கு ஜனவரியிலேயே கையெழுத்து விழுந்தது.
சிஸ்டர் விலையைப் பார்க்கவில்லை.

மென்பொருளும் அதற்குள் பழையபடி இல்லை.
கேட்பதும் முடிவெடுப்பதும் ஒரே ஆளாக இருந்தது போய்
கூட்டுக்குடும்பம் உலை பிரிந்ததுபோல் பிரிந்து,
யார் இருக்கிறார் என்று காது கொடுக்க ஒன்று,
யார் எழ வேண்டும் என்று சொல்ல ஒன்று.
சொல்வதற்குப் பெயர் பேஸ்மேக்கர்.
துடிப்புக்குப் பின்னால் அதை வைத்தவருக்கு
கொஞ்சம் குசும்பு இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு மடிக்கணினி
துணி அலமாரிக்கு மேல் கிடக்கிறது.
திரை உடைந்தது. ஒரு வேலையும் செய்யாது,
ஓட்டு மட்டும் போடும்.
ரபேல் அதை கவுன்சிலர் என்கிறான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு
நானே கேபிளைப் பிடுங்குகிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
பத்தில் ஒரு டக்.
ஒரு விசிறி சுற்றிச் சுற்றி ஓய்கிறது.
அந்தச் சத்தத்துக்காக மட்டும்
மேல்மாடியிலிருந்து இறங்கி வருவாள் கமருன்னிசா.
எதுவும் கேட்கமாட்டாள்.
விசிறி நிற்கும்வரை நிற்பாள்.